“எனக்குத் தெரியாது”: போதைப்பொருள் கடத்தல் வழக்குகளில் ‘அறிந்திருந்தார்’ என்பதை நிரூபிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைப்பற்றிய பொருள் போதைப்பொருள்தானா, எடை எவ்வளவு என்ற கேள்விகளுக்கு ஆய்வக அறிக்கை விடை சொல்லிவிடும். பெட்டியைச் சுமந்து வந்தவருக்கு அதற்குள் இருந்தது தெரியுமா என்பதற்கு எந்த ஆய்வகமும் சான்றிதழ் தர முடியாது. பெரும்பாலான கடத்தல் வழக்குகள் இந்த ஒரு கேள்வியின் மீதுதான் நிற்கின்றன அல்லது விழுகின்றன. கீழுள்ள விடைகள் பல நாட்டுச் சட்டங்களையும் தீர்ப்புகளையும் தொட்டுச் செல்லும் பொது விளக்கமே. குறிப்பிட்ட ஒரு வழக்குக்கான ஆலோசனையாக இவற்றைக் கொள்ளக் கூடாது.

கேள்வி: பொருள் கையிலேயே பிடிபட்டிருக்கிறது. அதன் பிறகும் ‘தெரிந்திருந்தது’ என்று ஏன் தனியாக நிரூபிக்க வேண்டும்?

உடைமை என்பது கைப்பிடியோடு முடிந்துவிடுவதில்லை. ஒருவருடைய சட்டைப் பையில் அவர் அறியாமலே இன்னொருவர் எதையாவது நழுவவிட்டால், அந்தப் பொருள் அவரிடம் ‘இருக்கிறது’ என்று சொல்லலாமே தவிர, அவர் அதை வைத்திருக்கிறார் என்று குற்றவியல் சட்டம் சொல்லாது. பொருள் தன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அது இருப்பதை மனம் அறிந்திருக்கவும் வேண்டும். இந்திய நீதிமன்றங்கள் இதை உணர்வுபூர்வமான உடைமை என்று குறிப்பிடுகின்றன.

இந்த இடத்துக்குச் சட்டம் எளிதில் வந்து சேர்ந்துவிடவில்லை. கனடாவில் 1957-இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த பீவர் வழக்கில், தன்னிடம் இருந்த பொட்டலத்தில் வெறும் பால் சர்க்கரைதான் இருந்ததாக நம்பினேன் என்று ஒருவர் சொன்னார்; உள்ளே இருந்தது போதைப்பொருள். அந்த நம்பிக்கை உண்மையானதாக இருந்தால் போதைப்பொருளை வைத்திருந்த குற்றம் நிற்காது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆனால் அவர் அதைப் போதைப்பொருள் என்று சொல்லி விற்றிருந்தார். அங்கிருந்த சட்டம், போதைப்பொருள் என்று சொல்லி எதை விற்றாலும் குற்றம் என்றிருந்ததால், விற்பனைக் குற்றத்திலிருந்து அவரால் தப்ப முடியவில்லை. இங்கிலாந்தில் 1968-இல் தீர்ப்பான வார்னர் வழக்கில், அப்போது அந்நாட்டின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இவ்வளவு தாராளமாக இல்லை. வாசனைத் திரவியம் இருப்பதாக எண்ணி இரண்டு பெட்டிகளை எடுத்துச் சென்றவரின் ஒரு பெட்டியில் 20,000 ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள் இருந்தன. அவருடைய தண்டனை உறுதி செய்யப்பட்டது. அந்தத் தீர்ப்பு எழுப்பிய சங்கடமே, 1971-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தில் ‘எனக்குத் தெரியாது, சந்தேகிக்கவும் காரணமில்லை’ என்ற எதிர்வாதத்துக்குத் தனிப் பிரிவு வந்ததன் பின்னணி. ஆஸ்திரேலியாவிலோ 1985-இல் ஹீ கா டே வழக்கில் அந்நாட்டின் உச்ச நிலை நீதிமன்றமான உயர் நீதிமன்றம், போலி அடித்தட்டு வைத்த பையில் ஹெராயின் கொண்டுவந்தவருக்கு அது தெரிந்திருந்தது என்பதை நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது.

கேள்வி: சரியாக எதைத் தெரிந்திருக்க வேண்டும்? எந்தப் போதைப்பொருள், எத்தனை கிராம் என்பதெல்லாமா?

இதை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பெட்டிக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிவது முதல் அடுக்கு. அது தடை செய்யப்பட்ட போதைப்பொருள் என்று தெரிவது இரண்டாவது. அது ஹெராயினா கொக்கெயினா, எவ்வளவு என்று தெரிவது மூன்றாவது. பெரும்பாலான நாடுகளில் இரண்டாவது அடுக்கு போதும். கஞ்சா என்று நினைத்து ஹெராயினைச் சுமந்தவர், ‘நான் நினைத்தது வேறு’ என்று சொல்லித் தப்ப முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015-இல் மக்ஃபாடன் வழக்கில், தடைப் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு பொருளைக் கையாள்கிறேன் என்று தெரிந்திருந்தால் போதும், அது எது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று விளக்கியது. சிங்கப்பூர் இதற்கு முக்கியமான விலக்கு. அங்கே எடையைப் பொறுத்து மரண தண்டனை வரை போகக்கூடிய சட்டத்தில், குறிப்பிட்ட அந்தப் போதைப்பொருளின் தன்மையை அறிந்திருந்தாரா என்பதே கேள்வி. ஆகவே அங்கே மூன்றாவது அடுக்கின் ஒரு பகுதியும் வழக்குக்குள் வந்துவிடுகிறது.

வேறு ஏதோ தவறான சரக்கு என்று நம்பியவரின் நிலை இன்னும் நுட்பமானது. 1984-இல் பிரபுக்கள் சபைக்கு வந்த டாஃபே வழக்கில், தான் கடத்துவது வெளிநாட்டுப் பணம் என்றும் அது தடை செய்யப்பட்டது என்றும் நம்பிய ஒருவரின் வண்டியில் கஞ்சா இருந்தது. பணத்தைக் கொண்டுவர அப்போது தடையே இல்லை. அவர் நம்பியபடியே உண்மைகள் இருந்திருந்தால் குற்றமே நடந்திருக்காது என்பதால் அவர் விடுவிக்கப்பட்டார். ஒருவர் தன்னைக் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தார் என்பதாலேயே அவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

கேள்வி: வாக்குமூலம் இல்லாதபோது ஒருவர் மனத்தில் இருந்ததை எப்படி நிரூபிக்கிறார்கள்?

மனத்தைச் சுற்றி இருக்கும் புற உண்மைகளிலிருந்துதான். 1988-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் வியன்னா ஒப்பந்தம், அறிவையும் நோக்கத்தையும் புறவயமான சூழ்நிலைகளிலிருந்து உய்த்துணரலாம் என்று மூன்றாம் உறுப்பிலேயே சொல்லியிருக்கிறது. நடைமுறையில் பயனுள்ள சான்று எது, வெறும் அலங்காரம் எது என்று பிரித்தறிவதில்தான் திறமை இருக்கிறது.

விரல் ரேகையை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் கைப்பிடியில் அவர் ரேகை இருப்பது எதையும் சொல்வதில்லை. அவர்தானே அதைத் தூக்கி வந்தார்? உள்ளே பொட்டலத்தைச் சுற்றிய ஒட்டு நாடாவின் பசைப் பக்கத்தில் அதே ரேகை இருந்தால், கட்டியபோது அவர் கை அங்கே இருந்தது என்று பொருள். ஒரே ரேகைதான்; இடம் மாறினால் வழக்கே மாறிவிடுகிறது. வாகனமும் அப்படித்தான். கதவுப் பலகைக்குள் மறைத்த சரக்கு ஓட்டுநரைப் பற்றி அதிகம் சொல்லாது. ஆனால் பலகையின் திருகாணிகளில் புதுக் கீறல்கள், அவற்றுக்குப் பொருந்தும் திருப்புளி ஓட்டுநரின் பையில், அந்த வண்டியை அவரே சில வாரங்களாக வைத்திருந்ததற்கான ஆவணம் ஆகியவை சேர்ந்தால் கதை வேறு.

கைப்பேசிச் செய்திகள், வேலைக்குச் சற்றும் பொருந்தாத கூலி, கடைசி நேரத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கிய பயணச்சீட்டு, காரணமே இல்லாத சுற்றுவழி, யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதைச் சொல்ல முடியாத பயணி: இவை வலுவுள்ள சங்கதிகள். ‘வியர்த்தார், பதற்றமாக இருந்தார்’ என்று அதிகாரி மகஜரில் (கைப்பற்றல் பதிவில்) எழுதுவது மிக வலுவற்றது. சீருடைக்காரர் பெட்டியைத் திறக்கச் சொல்லும்போது குற்றமற்றவருக்கும் வியர்க்கும்; நிதானமாக நின்றிருந்தால் ‘பழகிய கடத்தல்காரர்’ என்று அதே பேனா எழுதியிருக்கும். இரண்டு பக்கமும் வெட்டும் சான்றை எந்தப் பக்கத்துக்கும் எண்ணக் கூடாது என்பதே என் கருத்து.

சூழ்நிலைச் சான்றுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டு ‘இது போதாது, இதுவும் போதாது’ என்று வாதிடுவது எளிது. நீதிமன்றங்கள் அவற்றைத் தொகுத்தே பார்க்கும். தொகுத்துப் பார்த்த பின்னும், குற்றமற்ற ஒரு விளக்கம் நியாயமாக எஞ்சி நிற்கிறதா என்பதுதான் கடைசிக் கேள்வி.

கேள்வி: “இவ்வளவு விலையுள்ள சரக்கைத் தெரியாத ஆளிடம் யார் நம்பிக் கொடுப்பார்கள்?” என்ற வாதம் எவ்வளவு தூரம் செல்லும்?

இது அரசுத் தரப்பின் மிகப் பழைய வாதம். கேட்டவுடன் நம்பத் தோன்றும். ஆனால் கும்பல்கள் அறியாதவர்களைப் பயன்படுத்துவதும் நடக்கிறது. அறியாதவர் பதற்றப்பட மாட்டார், பிடிபட்டாலும் யாரையும் காட்டிக்கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்காது. ஆகவே அந்த வாதம் சரக்கின் விலையை மட்டும் வைத்து நிற்காது. அறியாதவரிடம் கொடுத்திருந்தால் சரக்கை மறுமுனையில் எப்படித் திரும்பப் பெற்றிருப்பார்கள் என்ற கேள்வியோடு சேர்த்தே அதை எடைபோட வேண்டும். சேருமிடம், வந்து அழைத்துச்செல்ல ஆள், பையை ஒப்படைக்கும் ஏற்பாடு ஆகியவற்றைப் பார்த்தால், அறியாத ஒருவரைக் கொண்டு அதை நடத்தியிருக்க முடியுமா முடியாதா என்பது ஓரளவு தெளிவாகும்.

நிபுணர் ஒருவர் கூண்டேறி இதையே சொல்லலாமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் டியாஸ் வழக்கில் 6-3 என்ற கணக்கில், ‘கூலிக்குச் சரக்குக் கடத்துபவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரிந்திருக்கும்’ என்று நிபுணர் பொதுவாகச் சொல்லலாம், ‘இந்த நபருக்குத் தெரிந்திருந்தது’ என்று சொல்லக் கூடாது என்று கோடு கிழித்தது. மறுத்தெழுதிய நீதிபதி கார்சச்சுக்கு அந்தக் கோடு மிகவும் மெல்லியதாகத் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது: ‘பெரும்பாலோர்’ என்று காதில் விழுந்த பிறகு, முன்னால் உட்கார்ந்திருப்பவரை அந்தக் கூட்டத்தில் சேர்க்காமலிருக்க ஜூரிகளால் எளிதில் முடியாது.

கேள்வி: சட்ட அனுமானம் என்றால் என்ன? அது நிரூபிக்கும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் போட்டுவிடுகிறதா?

சான்றுகளிலிருந்து உய்த்துணர்வதற்கு நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. சட்ட அனுமானமோ கட்டாயம்: இன்ன அடிப்படை உண்மை நிரூபிக்கப்பட்டால், இன்னது தெரிந்திருந்தது என்று நீதிமன்றம் கொண்டே ஆக வேண்டும், இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் பொறுப்பு. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 35-ஆம் பிரிவு குற்ற மனநிலையையும், 54-ஆம் பிரிவு உடைமையிலிருந்து குற்றத்தையும் அனுமானிக்கின்றன. 35-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி கடுமையானது: அந்த மனநிலை இல்லை என்பதை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும் என்கிறது அதன் வாசகம். சிங்கப்பூரில் 18-ஆம் பிரிவு, பொருளைக் கொண்ட பெட்டியோ சாவியோ ஒருவரிடம் இருந்தால் உடைமையை அனுமானித்து, அடுத்து அதன் தன்மையை அறிந்திருந்ததாகவும் அனுமானிக்கிறது.

இந்த வாசகங்களை அப்படியே விட்டால் குற்றமற்றவரென்று கருதும் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும் என்பதை நீதிமன்றங்கள் உணர்ந்தே இருக்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் நூர் ஆகா வழக்கில், அமிர்தசரஸ் விமான நிலையத்தில் திராட்சை அட்டைப்பெட்டியில் 1.4 கிலோ ஹெராயின் கைப்பற்றியதாகச் சொல்லப்பட்ட ஆப்கானியர் ஒருவரின் தண்டனையை ரத்து செய்தது. பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல. ஆனால் உடைமை என்ற அடிப்படையை அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்த பிறகே அனுமானம் உயிர்பெறும் என்றது. அந்த வழக்கில் கைப்பற்றிய பொருளின் கையாளுகையும் சாட்சியங்களும் குறைபட்டிருந்தன. அடித்தளமே இல்லாத இடத்தில் அனுமானத்துக்கு வேலையில்லை. கடுமையான சட்டம் என்றால் அதன் நடைமுறைகளையும் அதே கடுமையோடு பின்பற்ற வேண்டும். இந்த வகை வழக்கை நடத்துபவர்கள் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு இதுவே.

இங்கிலாந்தில் 2001-இல் லாம்பர்ட் வழக்கில் பிரபுக்கள் சபை, ‘நிரூபிக்க வேண்டும்’ என்ற சொற்களை, ஐயத்தை எழுப்பப் போதுமான சான்றை முன்வைத்தால் போதும் என்று சுருக்கிப் படித்தது. ஹாங்காங்கின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2006-இல் அதே வழியில் சென்றது. அமெரிக்காவில் 1969-இல் லியரி வழக்கில், கஞ்சா வைத்திருப்பவருக்கு அது வெளிநாட்டிலிருந்து கடத்தி வந்தது என்று தெரிந்திருக்கும் என்ற அனுமானம் செல்லாது என்று முடிவானது. உள்நாட்டிலும் விளைவதை வைத்திருப்பவர் அதன் பிறப்பிடத்தை எப்படி அறிவார்?

பிரான்சின் சலபியாக்கு வழக்கு ஒரு கதையைப் போலவே இருக்கும். உறவினர் அனுப்பிய உணவுப் பொட்டலத்தை வாங்க 1979-இல் பாரிஸ் விமான நிலையத்துக்குப் போன ஒருவர், பெயர் எழுதாத, பூட்டிய ஒரு டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அதில் 10 கிலோ கஞ்சா. இரண்டு நாள் கழித்து அவர் பெயரிட்ட உண்மையான பொட்டலம் பிரஸ்ஸல்ஸில் வந்து இறங்கியது. அதில் மரவள்ளி மாவு, பாம் எண்ணெய், மிளகாய், வேர்க்கடலை வெண்ணெய். போதைப்பொருள் குற்றத்திலிருந்து சந்தேகத்தின் பலனில் அவர் விடுவிக்கப்பட்டார். சுங்கக் குற்றமும் அபராதமும் நின்றன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1988-இல், அனுமானங்கள் நியாயமான எல்லைக்குள் இருந்தால் ஏற்கலாம், எதிர்த்தரப்பின் உரிமையை விழுங்கக் கூடாது என்றது. தன்னுடையதென்று உறுதியாகத் தெரியாவிட்டால் எடுக்க வேண்டாம் என்று விமான நிறுவன ஊழியர் எச்சரித்தும் அவர் பெட்டியை எடுத்ததை உள்நாட்டு நீதிமன்றங்கள் உண்மையிலேயே எடைபோட்டிருந்ததால், அங்கே உரிமை மீறல் இல்லை என்று முடித்தது.

கேள்வி: வேண்டுமென்றே பார்க்காமல் இருந்துவிட்டால்?

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. சட்டமும் அப்படியே எடுத்துக்கொள்கிறது. 1976-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று விசாரித்த ஜூவல் வழக்கில், முன்பின் தெரியாத ஒருவர் 100 டாலர் கொடுத்து வண்டியை எல்லை தாண்டி ஓட்டச் சொன்னார். பின்பெட்டியில் ரகசிய அறை இருப்பதைக் கண்டும் ஓட்டுநர் உள்ளே பார்க்கவில்லை. சுமார் 50 கிலோ கஞ்சா இருந்தது. பார்க்க மறுத்ததே தெரிந்ததற்குச் சமம் என்றாயிற்று. 2011-இல் காப்புரிமை பற்றிய ஒரு வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதற்கு இரண்டு நிபந்தனைகளை வகுத்தது: உண்மை அப்படித்தான் இருக்க மிகுந்த வாய்ப்புண்டு என்று அவரே நம்பியிருக்க வேண்டும், அதை உறுதிப்படுத்திக்கொள்ளாமலிருக்கத் திட்டமிட்டு ஏதாவது செய்திருக்க வேண்டும். கவனக்குறைவோ, ‘கேட்டிருக்கலாமே’ என்ற பிறர் எதிர்பார்ப்போ இதில் சேராது.

சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் இதைக் கூர்மையாகப் பிரித்தது. பெட்டியின் உட்புறத் துணிக்குள் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவான மெத்தாம்ஃபெட்டமினுடன் வந்திறங்கி, கீழ் நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்ற நைஜீரியர் ஒருவரின் வழக்கு அது. அவருக்கு உண்மையில் தெரியாது என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார் என்று மட்டும் வாதிட்டது. அப்படியானால் உண்மையான அறிவைப் பற்றிய அனுமானத்தை இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. சந்தேகம் குறிப்பானதாக இருந்திருக்க வேண்டும், அதைச் சரிபார்க்க நியாயமான வழியும் இருந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. பெட்டியைத் திறந்து பார்த்திருந்தாலும் அவர் கண்ணில் எதுவும் பட்டிருக்காது. அவர் விடுவிக்கப்பட்டார். உய்த்துணர்வு, அனுமானம், கண்ணை மூடிக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு பாதைகள். ஒன்றில் பாதி தூரமும் மற்றொன்றில் பாதி தூரமும் நடந்து இலக்கை அடைந்துவிட்டதாகச் சொல்லும் குற்றப்பத்திரிகைகள்தான் மேல்முறையீட்டில் உடைகின்றன.

கேள்வி: ஒரே வாகனத்தில் பலர் இருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருந்ததாக ஆகிவிடுமா?

தானாக ஆகாது. பேருந்தில் மேல்தட்டில் இருந்த பைக்குப் பக்கத்து இருக்கைக்காரர் பொறுப்பாக முடியாது. ஆனால் இந்திய உச்ச நீதிமன்றம் 2003-இல் மதன் லால் வழக்கில், சரஸுடன் (கஞ்சாப் பிசினுடன்) காரில் சென்ற ஐந்து பேரின் தண்டனையையும் உறுதி செய்தது. அது பொது வாகனம் அல்ல, அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒன்றாகப் பயணம் செய்ததற்கான விளக்கம் எதுவும் இல்லை என்பவை காரணங்கள். கூலிக்கு ஓட்டும் லாரி ஓட்டுநருக்கு இந்த அளவுகோலை அப்படியே பொருத்துவது நியாயமாகாது. மூட்டை ஏற்றியது யார், சீல் வைத்தது யார், சரக்குச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: வாடகைக்கு விட்ட வீட்டில் நடந்ததற்கு உரிமையாளர் பொறுப்பா?

தெரிந்தே இடங்கொடுத்தால் மட்டுமே. 1969-இல் பிரபுக்கள் சபை, தன் பண்ணை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடத்தில் வசித்த ஆசிரியை ஒருவரின் தண்டனையை, வாடகைக்காரர்கள் கஞ்சா புகைத்தது அவருக்குத் தெரியாது என்பதால் ரத்து செய்தது. இந்தியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் ‘தெரிந்தே அனுமதிப்பவர்’ என்றுதான் சொல்கிறது.

கேள்வி: விசாரணையில் பொய் சொன்னார் என்பது, தெரிந்திருந்ததற்குச் சான்றா?

சில வேளைகளில் ஆகும். இங்கிலாந்தில் 1981-இல் லூக்கஸ் வழக்கில் வகுத்த அளவுகோல் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது: பொய் தெரிந்தே சொன்னதாக இருக்க வேண்டும், வழக்கின் முக்கியமான விஷயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், உண்மை வெளிப்பட்டுவிடும் என்ற குற்ற அச்சத்தால் சொன்னதாக இருக்க வேண்டும், பொய் என்பது வேறு சான்றால் தெளிவாக வேண்டும். குடும்பத்தாரைக் காப்பாற்றவோ, விசா விதியை மீறியதை மறைக்கவோ, வெட்கத்தாலோ சொல்லும் பொய் போதைப்பொருளைப் பற்றிய அறிவைக் காட்டாது.

கேள்வி: அதிகாரியிடம் “தெரியும்” என்று ஒப்புக்கொண்டதாக வாக்குமூலம் இருந்தால்?

இந்தியாவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டிலிருந்து எழுந்த தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் 2-1 என்ற பெரும்பான்மையில், போதைப்பொருள் சட்டத்தின் 67-ஆம் பிரிவின் கீழ் அதிகாரிகள் பதிவு செய்யும் வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாகப் பயன்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அதுவரை பல வழக்குகளில் ‘தெரிந்திருந்தது’ என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சான்று. அது போன பிறகு, கைப்பேசித் தரவு, வங்கிப் பரிமாற்றம், பயணப் பதிவு என்று உண்மையான புலனாய்வைச் செய்தாக வேண்டிய நிலை வந்தது. நல்ல விளைவு என்றே சொல்வேன்.

கேள்வி: கடைசியில் அது போதைப்பொருளே இல்லை என்று தெரிந்தால்?

தெரிந்தே செய்ய முயன்றது முயற்சிக் குற்றமாகலாம். இங்கிலாந்தில் 1986-இல் ஷிவ்புரி வழக்கில், ஹெராயின் அல்லது கஞ்சா என்று நம்பிக் கொண்டுவந்தது வெறும் மூக்குப்பொடி போன்ற பொடி. ஆயினும் முயற்சிக்கான தண்டனை நின்றது.

கேள்வி: தபாலில் வந்த பார்சலை வாங்கியவருக்கு எதிராக எப்படி நிரூபிக்கிறார்கள்?

பெரும்பாலும் கண்காணிப்பு விநியோகம் மூலம். பார்சலைச் சுங்கத்தில் கண்டுபிடித்து, சரக்கை மாற்றியோ அப்படியே வைத்தோ மூடி அனுப்பி, பெறுபவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார்கள். 1988 ஒப்பந்தமே இதற்கு வழி வகுக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கியது மட்டும் போதாது, தன் பெயருக்கு வருவதை யாரும் வாங்குவார்கள். வாங்கிய பின் நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். உடனே பிரித்தாரா, பிரிக்காமலே வேறொருவருக்குத் தகவல் அனுப்பினாரா, வரும் நாளை முன்கூட்டியே விசாரித்திருந்தாரா, வேறு பெயரில் வந்ததைத் தன்னுடையது என்று வாங்கினாரா? பிரிக்காமல் வாசலிலேயே நாள்கணக்கில் கிடந்த பார்சல், எதிர்த்தரப்புக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த சாட்சி.

கேள்வி: உண்மையிலேயே தெரியாதவர் அதை எப்படிக் காட்டுவது?

‘தெரியாது’ என்ற சொல்லோடு நின்றுவிட்டால் நீதிமன்றம் எதையும் எடைபோட முடியாது. வேலை தருவதாக வந்த மின்னஞ்சல், பையை யார் எங்கே கொடுத்தார் என்ற விவரம், ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்டு அனுப்பிய செய்தியும் அதற்கு வந்த பதிலும், பயணத்துக்குத் தான் நம்பிய காரணத்தைக் காட்டும் ஆவணங்கள் ஆகியவை அந்தச் சொல்லுக்கு உடல் தருகின்றன. கைப்பேசி அரசுத் தரப்பிடம் இருக்கும். ஆகவே அதன் முழுத் தரவின் நகலை வழக்கறிஞர் வழியாக முதல் வாரங்களிலேயே கேட்டு மனு போட வேண்டும், ஏனெனில் மறுமுனையில் இருப்பவர் தன் கணக்கை அழிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. மௌனமாக இருக்கும் உரிமை எங்கெங்கே எந்த அளவுக்கு இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. சில இடங்களில் முதலில் சொல்லாததைப் பிறகு சொன்னால் அதை நம்ப மறுக்கச் சட்டமே இடம் தருகிறது. எனவே பேசுவதா வேண்டாமா என்பதை, முதல் விசாரணைக்கு முன்பே அந்த நாட்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞருடன் கலந்து முடிவு செய்ய வேண்டும்.